முகத்துவாரத்தின் குளிர்கால விருந்தினர்

எங்கள் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. டிசெம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலை வாடைக்காற்று சற்றே உறைக்கும்போது உம்மும்மா காதை மூடித் துணி சுற்றிக்கொள்வார். மத்தியானமானால் அதே உம்மும்மா "என்ன புழுக்கம் இது!" என்று விசிறியைத் தேடுவார். எங்கள் குளிர்காலம் அவ்வளவுதான். என்றாலும் வடக்கே எங்கோ ஏரிகள் உறையத் தொடங்கிவிட்டன என்ற செய்தி வருடந்தோறும் முகத்துவாரத்துக்கு வந்து சேர்கிறது. அதைக் கொண்டுவருபவை பறவைகள். பிறந்தது முதல் இந்த ஊரில் வாழ்ந்தும் நான் அவற்றைக் கவனிக்கத் தொடங்கியது 2024 ஒக்டோபரில்தான். அப்போதிருந்து 2025 ஏப்ரல் வரை நானும் வாப்பாவும் அவற்றை எண்ணினோம். அந்தக் கணக்கில் நான் ஒரு நாள் பொய் சொன்னேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

எங்கள் ஊரை அறியாத தோழியருக்காக முதலில் சில வார்த்தைகள். முகத்துவாரம் கொழும்பு 15இல் இருக்கிறது. மலைநாட்டில் பிறந்து ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை இங்கேதான் கடலோடு கலக்கிறது. ஆறு கடலைச் சேரும் வாய்க்குத்தான் முகத்துவாரம் என்று பெயர். சிங்களத்தில் மோதர என்பதற்கும் அதுவே பொருள். பஸ் பலகையில் தினமும் அந்தப் பெயரை வாசித்தும் அதன் பொருளை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வெளியூர்க்காரர்கள் எங்களை மீன் வாடையாலும் கொள்கலன் லொறிகளாலும் மழைக்கால வெள்ளத்தாலும்தான் அறிவார்கள். மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி வடக்கே போனால் மட்டக்குளியில் காக்கைதீவுக் கடற்கரை வரும். இப்போது அங்கே ஒரு பூங்காவும் நடைபாதையும் உண்டு. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில் சிறுமீன்களும் இறால்களும் பெருகும். ஆறு கொண்டுவரும் மணல் திட்டுகளாகப் படியும். இரை, இறங்கி இளைப்பாற ஒரு திட்டு. தூரப் பயணம் வந்த பறவைக்கு இவை இரண்டும் போதும்.

எங்கள் வாப்பா துறைமுகத்தில் டெலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் கணக்கு எழுதுவது அவர் வேலை. நான்கு கோடு நிமிர்த்தி, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்து ஒரு கட்டாக்குவார். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எண் எழுதப் பழகும் முன்பே அந்தக் கட்டுப் போடப் பழகினேன். சீனி வருத்தம் அவருடைய கண்ணைப் பிடித்துக்கொண்ட பிறகு அந்த வேலையை விட நேர்ந்தது. ஒரு கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். மற்றக் கண்ணில் ஆள் தெரியும், முகம் தெரியாது. கிளினிக்கில் கண்ணுக்கு லேசர் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். ஆனால் தனியாக நடக்கவிடப் பயம். நாநா விடிந்ததும் புறக்கோட்டைக் கடைக்குப் போய்விடுவார். உம்மாவுக்கு உம்மும்மாவை விட்டு அசைய முடியாது. மிச்சமிருந்தது நான்.

"பொம்புளப் புள்ள விடியக் காலத்துல கடக்கரைக்கா?" என்று உம்மா கேட்டார்.

"வாப்பா கூடத்தானே போறா" என்றார் வாப்பா.

நான் அவரைக் கூட்டிப்போகிறேனா, அவர் என்னைக் கூட்டிப்போகிறாரா என்பது அன்றைக்கும் தெளிவில்லை, இன்றைக்கும் தெளிவில்லை. எப்படியோ சனி, ஞாயிறு நாட்களில் ஸுபஹ் தொழுகை முடிந்து வெளுக்கும் நேரத்தில் நாங்கள் இருவரும் புறப்பட ஆரம்பித்தோம்.

பறவைகளில் என் கவனத்தைத் திருப்பியது கடற்கரை அல்ல, எங்கள் வீட்டு முற்றம். ஒக்டோபர் நடுவில் ஒரு காலை, துணி காயப்போடும் கொடியின் கீழே ஒரு குருவி கிடந்தது. முதுகு பச்சை, வயிறு மஞ்சள் கலந்த மண்நிறம், வாலடியில் சிவப்பு, கண்ணோடு சேர்த்து ஒரு கறுப்புப் பட்டை, சிறகில் நீலம். செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வாப்பா குனிந்து, தடவி, அதை உள்ளங்கையில் எடுத்தார். "உசிர் ஈக்கிது. நெஞ்சு அடிக்கிறது கையில தெரியுது" என்றார். உம்மும்மா பார்த்தவுடன் பெயர் சொல்லிவிட்டார்: ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கத்துவதால் அந்தப் பெயராம். கத்தலைக் கேட்டுச் சிங்களத்தில் அதை அவிச்சியா என்பார்கள். இமயமலை அடிவாரத்துக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும் கூடுகட்டும் இந்தக் குருவி, இரவிரவாகப் பறந்து குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது என்பதைப் பின்னர் கல்லூரி நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். வந்து சேரும் நாட்களில் களைத்துப்போய், நகர வெளிச்சத்தில் தடுமாறி, கண்ணாடியில் மோதி இப்படி வீட்டு முற்றங்களில் விழுவதும் உண்டு.

அதை ஒரு சப்பாத்துப் பெட்டியில் வைத்து, மூடியில் துளையிட்டு, பூனை எட்டாத இருட்டு மூலையில் வைத்தோம். மாலையில் பெட்டியைத் திறந்தோம். ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தது. பிறகு பக்கத்து வீட்டு ஜாம் மரத்துக்குத் தாவியது. இத்தனை தூரம் பறந்து வந்த ஒன்று எங்கள் கொடிக்குக் கீழே கிடந்ததே என்று அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இன்னும் என்னவெல்லாம் வந்திருக்கும்?

சின்ன மாமா கப்பலில் வேலை செய்தவர். அவருடைய பழைய தொலைநோக்கி ஒன்று அலுமாரியில் கிடந்தது. ஒரு பக்கக் கண்ணாடியில் கீறல். மற்றப் பக்கம் நன்றாக இருந்தது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நவம்பர் முதல் வாரத்தில் காக்கைதீவுக்குப் போனேன். ஆற்றுவாயின் மணல்திட்டில் வெள்ளையாக ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. நான் கொக்கு என்றேன். "கொக்கு இப்பிடிக் கத்தாது" என்றார் வாப்பா. அவர் சொன்னது சரி. அவை கடற்காக்கைகள்.

அவற்றின் முழுப்பெயர் பழுப்புத்தலைக் கடற்காக்கை. ஆனால் தலை பழுப்பே இல்லை! வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால் மட்டும் மைவிரல் பட்டதுபோல ஒரு கறுப்புப் புள்ளி. அலகும் காலும் சிவப்பு. சிறகு நுனி கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டு. பெயரை யாரோ பிழையாக வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். உயிரியல் ஆசிரியையிடம் கேட்டபோது சிரித்தார். "அவசரப்படாதே. மார்ச் வரை பார்த்துக்கொண்டிரு" என்றார். திபெத்திய மேட்டுநிலம், லடாக், பாமீர் ஆகிய இடங்களின் உயரமான ஏரிக்கரைகளில்தான் இவை குஞ்சு பொரிக்கின்றன. லடாக்கின் மொரிரி ஏரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் பிதுருதலாகல மலையே 2,524 மீற்றர்தான். அங்கிருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் பார்த்தாலும் ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர். அந்த ஏரிகள் உறையும் மாதங்களில் இந்தக் கடற்காக்கைகள் தெற்கே இறங்கி, முகத்துவாரத்து வள்ளங்கள் உதறிவிடும் மீனைத் தின்று வாழ்கின்றன.

மத்திய ஆசியாவிலிருந்து இந்து சமுத்திரம் வரை நீளும் இந்த வான்வழியின் தென்கோடி இலங்கை. நமக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை வேறு பெருநிலம் இல்லை. ஆகவே இங்கே வரும் பல பறவைகளுக்கு இதுதான் கடைசித் தரிப்பு. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு முன் மன்னாரில் பெரிய கடற்காக்கைகள் சிலவற்றின் முதுகில் செய்மதிக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். அவற்றில் மேகா என்று பெயரிடப்பட்ட ஒன்று ரஷ்யாவின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கும் யமால் தீபகற்பம் வரை போனது. மன்னாரில் மீன் தின்ற பறவை பனிவெளியில் கூடுகட்டுகிறது! இதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது, "கப்பல்காரனுக்குக்கூட அவ்வளவு தூரம் போக வழிகாட்டி வேணும்" என்றார். ஸூரா அல்-முல்க் தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளைப் பார்க்கச் சொல்கிறது என்பதை அன்று அவர் நினைவூட்டினார். ஓதத் தெரிந்திருந்தும் நான் பார்க்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பார்க்கப் பார்க்கப் பட்டியல் நீண்டது. கூட்டமாக இருக்கும் கடற்காக்கைகளோடு ஆலாக்கள் கலந்து நிற்கும். மஞ்சள் அலகு உடையது ஒன்று, தோடம்பழ நிற அலகு உடையது ஒன்று. நீர் விளிம்பில் தங்கத்தூள் தெளித்த முதுகோடு ஓடி நின்று ஓடி நிற்கும் உப்புக்கொத்திகள். கற்களின் மேல் பின்புறத்தை ஆட்டிக்கொண்டே நடக்கும் உள்ளான். மின்கம்பியில் வரிசையாகத் தகைவிலான்கள். சிங்களத்தில் அதற்கு வெஹி லிஹினியா, மழைக்குருவி என்ற பெயராம். தும்பியைப் பிடித்துக் கம்பியில் அடித்துத் தின்னும் நீலவால் பஞ்சுருட்டான். இவற்றோடு வருடம் முழுவதும் எங்களோடே இருக்கும் செம்பருந்தும் காகமும். உள்ளானின் மெல்லிய சத்தத்தை நான் பறவையைக் காணும் முன்பே வாப்பா பிடித்துவிடுவார். "வலப்பக்கம், கல்லுக்கிட்ட பாருங்க" என்பார். பார்த்தால் இருக்கும்.

எண்ண வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். "நிறைய ஈக்கிதெண்டு சொல்றது கணக்கில்ல மகள். எத்தின?"

நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். முப்பதுக்குள் ஏதாவது ஒன்று எழும்பி இடம் மாறிவிடும். பிழைத்துவிடும். வாப்பா தன் தொழிலைச் சொல்லித்தந்தார். "முதல்ல பத்த எண்ணுங்க. அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்குதெண்டு கண்ணால அளந்துகொள்ளுங்க. பொறகு அந்த அளவைப் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கொண்டு போங்க. கடைசியா மிஞ்சினதத் தனியா எண்ணுங்க. அங்கிருந்து திரும்பி இங்க வாங்க. ரெண்டு கணக்கும் கிட்ட இருந்தாச் சரி." உலகெங்கும் பறவை பார்ப்பவர்கள் பெருங்கூட்டத்தை இப்படிக் கட்டுக்கட்டாகத்தான் எண்ணுகிறார்கள் என்று பின்னர் ஒரு புத்தகத்தில் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. வாப்பா அதை மூட்டை எண்ணிப் படித்திருந்தார்.

43, 61, 58 என்று வாரம் வாரம் நான் சொல்வேன். வீட்டுக்கு வந்ததும் வாப்பா பெரிய கட்டக் கொப்பியில் தடித்த கறுப்புப் பேனாவால் கட்டுப் போடுவார். எழுத்து அவருக்குத் தெரியாவிட்டாலும் கோடு ஓரளவு தெரியும்.

ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையிலிருந்தே என் மனம் சரியில்லை. முந்திய வாரம் கிடைத்த இரசாயனவியல் புள்ளி ஒரு பக்கம். எட்டு மணிக்கு ரியூஷன் வகுப்பு மற்றப் பக்கம். தூறலும் போட்டது. திட்டில் அன்று வழமையைவிடக் கூட்டம் அதிகம். நான் தொலைநோக்கியைத் தூக்கிப் பத்து எண்ணுவதற்குள் இரண்டு நாய்கள் பாய்ந்தோடி வந்தன. கூட்டம் முழுவதும் எழும்பிக் கடல் பக்கம் போய்விட்டது.

"எத்தின ஈக்கிது மகள்?"

எண்ணவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காத்திருப்போம் என்பார். எனக்கு வகுப்புக்குப் பிந்தும். "இருநூறு வாப்பா" என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்வது! வரும் வழியில் தேநீர்க்கடையில் சொன்னார். பள்ளிவாசல் வாசலில் சொன்னார். நாநாவுக்குச் சொன்னார். "எங்கட முகத்துவாரத்துக்கு இருநூறு வந்திருக்கு!" என்று உம்மும்மாவின் காதுக்குக் கிட்டப்போய்ச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று இஷா தொழுகைக்குப் பிறகு தண்ணீர் குடிக்க எழும்பினேன். முன்னறையில் விளக்கு எரிந்தது. வாப்பா கொப்பியின் மேல் முகத்தை ஒட்டவைத்ததுபோலக் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது கட்டு. இருநூறு கோடு. பல கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. சில வரியை விட்டு இறங்கியிருந்தன. ஒரு கட்டு முடிந்ததும் விரலால் தடவி இடம் பார்த்து அடுத்ததைத் தொடங்கினார். நான் ஒரு நொடியில் சொன்ன சொல்லை அவர் ஒவ்வொரு கோடாக இழுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஸுபஹுக்குப் பிறகு சொன்னேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வாப்பா ஏசவில்லை. கொஞ்ச நேரம் பேசவும் இல்லை. பிறகு கேட்டார்: "அதுல எத்தின மெய்?"

"தெரியா வாப்பா. எண்ணவே இல்ல."

அவர் துறைமுகத்துக் கதை ஒன்று சொன்னார். கப்பலில் இருந்து மூட்டை இறங்கும்போது டெலி கிளார்க் காணாத மூட்டைக்கு ஒரு கோடு போட்டுவிட்டால், களஞ்சியத்தில் எண்ணும்போது ஒரு மூட்டை குறையும். அப்போது யாரைப் பிடிப்பார்கள்? சுமந்த நாட்டாமியை. "நான் காணாத மூட்டைக்குப் போட்ட கோடு, காணாத களவா ஒரு ஏழைட தலையில போய் விழும். முப்பது வருசம் அந்தப் பயத்தோடதான் பேனா புடிச்சேன். இப்ப என்ட கண்ணு நீங்கதான். நீங்க சொல்றதத்தான் நான் காணுறேன்."

அவர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "எண்ணப்படவில்லை" என்று என்னைக் கீழே எழுதச் சொன்னார். அந்தப் பக்கம் இன்னும் கொப்பியில் இருக்கிறது. ஏறத்தாழ நாற்பது கட்டுகளுக்குக் குறுக்கே அந்த ஒரு கோடு.

பறவைக் கணக்கில் பொய் சொன்னால் யாருக்கு என்ன நட்டம் என்று சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தேன். 1987ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பல நாடுகளில் தொண்டர்கள் குளங்களிலும் களப்புகளிலும் ஆற்றுவாய்களிலும் இறங்கி, எங்களைப் போலவே நின்று எண்ணுகிறார்கள். இலங்கையில் 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைகள் கழகம் இதில் முன்நிற்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் இயங்கும் களப் பறவையியல் குழுவும் மாணவர்களுக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது. ஒரு நீர்நிலையில் ஓர் இனப் பறவைத் தொகையின் நூற்றுக்கு ஒரு பங்கு வழக்கமாக வந்து தங்கினால், அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று றம்சார் உடன்படிக்கையின் கீழ்க் கருதப்படலாம். ஆகவே ஓர் எண் ஒரு சதுப்புநிலத்தைக் காப்பாற்றவும் கூடும். குறைந்துவரும் பறவையை நிறைந்திருப்பதாகக் காட்டிக் கெடுக்கவும் கூடும். எங்கள் கொப்பி எந்தக் கணக்கெடுப்பிலும் சேரவில்லை. இருந்தாலும் அதே நியாயம் அதற்கும் உண்டு.

அடுத்த வாரமும் போனோம். மேலே எங்கோ நல்ல மழை. ஆறு செம்மண் நிறத்தில் வீங்கி, வாழைத்தண்டும் போத்தலும் றெஜிபோமும் தள்ளிக்கொண்டு வந்தது. மணல்திட்டு முழுகிவிட்டது. அரை மணி நேரம் நின்றோம். ஒன்றுகூட வரவில்லை.

"எத்தின?"

"ஒண்டும் இல்ல."

"கண்ணால பாத்துச் சொல்றீங்களா?"

"பாத்துத்தான் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து ஒரு முழுப் பக்கத்தில் பெரிதாக ஒரு பூச்சியம் போட்டார். "இதுவும் கணக்குத்தான்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் நான் எண்ணிக்கை சொன்னதும், கண்ணால பாத்ததா என்று அவர் கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ சுருங்கும். கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பதால் பேசாமல் இருந்தேன்.

பெப்ரவரியில் ஒரு நாள் மணலில் உட்கார்ந்திருந்தபோது வாப்பா விரல்களால் மணலை உருட்டிக்கொண்டிருந்தார். பருப்பைவிடச் சிறிய வெள்ளை மணி ஒன்று கையில் அகப்பட்டது. நகத்தால் அழுத்திப் பார்த்து, "பிளாஸ்டிக்" என்றார். 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மொட்டைமாடியில் நின்று அந்தப் புகையைப் பார்த்தோம். ஜூன் 2ஆம் திகதி கப்பல் மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. எங்கள் ஊர் வள்ளங்களும் கரையில் முடங்கின. கரையில் இரை தேடும் பறவை அந்த மணியை மீன்முட்டை என்று நம்பினால் என்ன செய்யும்? கடலில் விழுந்ததை எண்ணி எடுக்க யாராலும் முடியாது. வாப்பா அந்த மணியை வீட்டுக்குக் கொண்டுவந்து கொப்பியில் ஸெலோடேப் போட்டு ஒட்டச் சொன்னார். விருந்தினரின் பக்கத்தில் அவர்களுக்கு நாம் வைத்த சாப்பாடும் இருக்கட்டும் என்றார்.

இதற்கிடையில் ஒரு நாள் நூலகத்தில் ஜமால் ஆராவைப் பற்றிப் படித்தேன். வட இந்தியாவின் பீகாரில் பிறந்த முஸ்லிம் பெண். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. என்றாலும் சோட்டா நாக்பூர்க் காடுகளில் நடந்து, கண்டதைக் கண்டபடி குறித்து, ஆய்விதழ்களில் எழுதினார். சிறுவர்களுக்காக அவர் எழுதிய பறவை நூலை 1970இல் இந்தியாவின் தேசியப் புத்தக நிறுவனம் வெளியிட்டது. பறவையியலில் பெரும் பெயர் பெற்ற சலீம் அலியை நம்மில் பலர் அறிவோம். ஜமால் ஆராவை அறிந்தவர் குறைவு. அவருடைய கதையை வீட்டில் சொன்னபோது உம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை நாங்கள் புறப்படும்போது என் கையில் ஒரு பிளாஸ்கில் தேநீர் இருந்தது. அதற்குப் பிறகு பொம்புளப் புள்ள என்ற பேச்சு வீட்டில் எழவில்லை.

மார்ச் பிறந்ததும் நோன்பும் தொடங்கியது, கல்லூரிக்கும் விடுமுறை. ஸஹர் செய்து, ஸுபஹ் தொழுது, வெறும் வயிற்றோடு மெல்ல நடந்து போவோம். ஆசிரியை சொன்னது அப்போதுதான் நடந்தது. முதலில் ஓரிரு கடற்காக்கைகளின் கன்னத்தில் சாம்பல் படர்ந்தது. நரைத்த தாடி திரும்பக் கறுப்பதுபோல. அடுத்த வாரம் நெற்றி வரை ஏறியது. மாதக் கடைசியில் பல பறவைகளுக்குக் கோப்பி நிறத்தில் ஒரு முழுத் தொப்பியே வந்துவிட்டது. அதன் விளிம்பு இன்னும் கடுமை. பெயர் வைத்தவர் பிழை செய்யவில்லை. நாம்தான் இவற்றைப் பாதி வருடம் மட்டும் பார்க்கிறோம். தலை பழுத்தால் புறப்பட நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். ஊருக்குப் போகுமுன் பெருநாள் உடுப்பு உடுத்திக்கொள்கின்றன என்று நான் சொன்னேன். வாப்பா சிரித்தார்.

நோன்பின் கடைசி ஞாயிறு அன்று காற்று இல்லை, நாய்கள் இல்லை. கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நான் பத்தை அளந்து, வலமிருந்து இடம் எண்ணி, இடமிருந்து வலம் திரும்பினேன்.

"எத்தின மகள்?"

"எழுபத்திநாலு. அதுல இருபத்தொன்பதுக்குத் தலை முழுசாப் பழுப்பு."

வாப்பா தலையை ஆட்டினார். கண்ணால பாத்ததா என்ற கேள்விக்காக நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "வாங்க, வெயில் ஏறுது" என்று எழும்பி, என் தோளில் கையை வைத்தார். வீடு வரும் வரை நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் குரல் உடைந்துவிடும் என்று தெரிந்தது.

பெருநாள் முடிந்து ஏப்ரல் முதல் வாரம் போனபோது பன்னிரண்டு. அதற்கடுத்த வாரம் ஐந்து. ஏப்ரல் நடுவில் பூச்சியம். மணல்திட்டில் காகங்களும் ஒரு நாயும்தான். ஊருக்குப் போன எழுபத்திநாலில் எத்தனை மலையைத் தாண்டும், எத்தனை திரும்பும் என்பது எங்கள் கணக்குக்குள் வராது.

வாப்பாவின் கண்ணுக்கு லேசர் சிகிச்சை முடிந்துவிட்டது. இனிமேல் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம், போன பார்வை திரும்புவது கடினம் என்றார்கள். அவர் அதை ஒரு கணக்கைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார். கிளினிக்கிலிருந்து வரும் வழியில் ஒரு கடையில் நிற்கச் சொல்லி, கட்டம் போட்ட புதுக் கொப்பி ஒன்று வாங்கினார். ஒக்டோபர் என்று அதன் அட்டையில் நான் எழுதினேன்.

இதைப் படிக்கும் தோழியரே, உங்கள் ஊரிலும் ஒரு குளமோ வயலோ ஒரு மின்கம்பியோ இருக்கும். வெள்ளவத்தைக் கடற்கரையிலும் பெல்லன்விலச் சதுப்பிலும் முத்துராஜவெலவிலும் இதே விருந்தினர் இறங்குகிறார்கள். பெற்றோரே, ஒரு விடுமுறைக் காலையில் உங்கள் மகளோடு நடந்து போங்கள். தொலைநோக்கி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கொப்பி போதும். எண்ணியதை எழுதுங்கள். எண்ணாததை எண்ணவில்லை என்று எழுதுங்கள். ஒன்றும் வராத நாளில் பூச்சியம் போடுங்கள். வருகிற ஒக்டோபரில் முகத்துவாரத்துப் பக்கம் வந்தால் காக்கைதீவில் எங்களைக் காணலாம். ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார், ஒருத்தி எண்ணிக்கொண்டிருப்பாள்.